பெரட்டில் படித்த பாடம்

தேயிலைத் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பரிசோதகர் வரப்போகிறார் என்பதால், ஒரு வாரமாகக் காலைப் பெரட்டில் வேலை பிரித்த கையோடு வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினார். அபாய மதிப்பீடு, நிலைபேறான உற்பத்தி, தனிநபர் பாதுகாப்பு உபகரணம். மலையில் களைநாசினி அடிக்கும் லோகேஸ்வரன் மூன்றையும் பிசகாமல் மனப்பாடம் செய்தான். அவன் உள்ளங்கைத் தோலோ மருந்து பட்டுப் பட்டு உரிந்துகொண்டிருந்தது. சோறு பிசைந்தால் எரிந்தது.

இன்று காலையில்தான் முதல் தடவையாகக் கையுறை கொடுத்தார்கள். உள்ளே எவனுடைய வியர்வையோ புளித்து நாறியது.

"அபாய மதிப்பீடுன்னா என்ன?" என்று மலைக்கு வந்து சேர்ந்த பரிசோதகர் கேட்டார்.

லோகேஸ்வரன் மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"நல்லா விளங்கி வச்சிருக்கீங்க," என்று அவர் எழுதிக்கொண்டார்.

"நம்ம ஆளுங்க எல்லாம் அப்படித்தான் சேர்," என்று கண்டாக்கு பல்லைக் காட்டினார்.

லோகேஸ்வரன் கையுறைகளை உருவிக் கண்டாக்கின் கையில் வைத்தான்.

"இந்தாங்கய்யா. சேர் அடுத்த டிவிசனுக்குப் போறதுக்குள்ள அங்க அனுப்பணும்னீங்களே, இப்பவே அனுப்பிருங்க."

பரிசோதகரின் பேனா நின்றது.

"கையக் காட்டுங்க பாப்பம்."

லோகேஸ்வரன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். கண்டாக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.