ஒற்றை ஜெனரேட்டர்

மறுபடியும் இருமிவிட்டு ஜெனரேட்டர் நின்றது. மந்திரமூர்த்தி சுற்றுகிற கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார்.

"இது ஆவாது. பெட்டியையும் கொளத்துக்குக் காத்தடிக்க ஏரேட்டரையும் சேத்து இழுக்க மாட்டேங்கு. ரெண்டுல ஒண்ணுதான்."

வீட்டுக்குள் ப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முருகேஸ்வரிக்கு அது கேட்டது. கண்ணாடி மூடிக்குக் கீழே அவள் புருஷன் செந்தூர்பாண்டி, அப்போதுதான் சலூனுக்குப் போய் வந்தவர் மாதிரி சுத்தமாகப் படுத்திருந்தார். நேற்றுக் காலை இறால் குளத்துக் கரையில் தீவன வாளியோடு நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அடுக்களையிலிருந்து ஓடிப் போய்ப் பார்க்கும்போது சாய்ந்துகிடந்தார். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. முந்தானையால் விசிறினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாளி பக்கத்தில் நேராக நின்றது, ஒரு மணி தீவனம் சிந்தவில்லை. அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. போகிற நேரத்திலும் அந்த மனுஷனுக்கு வாளியை ஒழுங்காக வைக்கத் தோன்றியிருக்கிறது.

இன்றைக்கு மாதாந்தரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். தருவைகுளத்துக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கிற இந்தப் பண்ணைகளில் அந்த நாளை யாரும் மறக்க மாட்டார்கள். செந்தூர்பாண்டியும் மறக்கவில்லை. வாசலில் டீசல் கேன் நிரம்பி நின்றது. மகன் சிவப்பிரகாஷ் தோஹாவிலிருந்து விமானம் ஏறிவிட்டான். திருவனந்தபுரத்தில் இறங்கிக் கார் பிடித்து வந்து சேர எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை உடம்பை வைத்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் பந்தல்காரர்களிடம் வாடகை ஜெனரேட்டர் கேட்டாயிற்று. முகூர்த்த நாள், எல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டது.

ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த பலசரக்குக் கடையை விற்றுத்தான் செந்தூர்பாண்டி இந்தக் குளத்தில் இறங்கினார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறங்கவில்லை. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி பண்ணை பண்ணையாக அலைந்தார். லாபம் பார்த்தவர்களை விட்டுவிட்டு, கையைச் சுட்டுக்கொண்டவர்களாகத் தேடிப் போய்ப் பேசினார். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் கேட்பாள், அவர் பதில் சொல்லுவார்.

"நோய் வந்தா என்ன செய்வீங்க?"

"குஞ்சு வாங்கும்போதே டெஸ்ட் பண்ணித்தான் வாங்கணும்."

"மழைத் தண்ணி உள்ள வந்தா?"

"கரைய ஒசத்திருவோம்."

"கரண்டு போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்குல்லா."

"அப்பம் ரெண்டா வாங்கிப் போடுங்க."

"ரெண்டு எதுக்குளா? ஒண்ணு சும்மால்லா கெடக்கும்."

அவளும் அத்தோடு விட்டுவிட்டாள். அவர் யோசித்து வைத்த ஆபத்தெல்லாம் குளத்துக்கு வருகிற ஆபத்துதான். வீட்டுக்கு ஒன்று வரும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

இங்கே குடிவந்த நாளிலிருந்து அவளுக்கு இந்தக் குளத்தைப் பிடிக்காது. பேச்சுக்கு ஆள் கிடையாது. உப்புக் காற்றும் ஏரேட்டர் தண்ணீரை அடிக்கிற சத்தமும்தான். அவரோ எந்நேரமும் கரையில். சாயங்காலமானால் தண்ணீருக்குள் கிடக்கிற தீவனத் தட்டைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். போட்ட தீவனத்தை இறால் தின்றிருந்தால் அங்கிருந்தே அடுக்களை ஜன்னலைப் பார்த்துச் சத்தம் கொடுப்பார்: "ஏளா, தின்னுட்டு." அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. கையில் இருக்கிற பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் தட்டை இறக்கிவிடுவார்.

"பெட்டிக்கே குடுத்துருவோம்," என்று மந்திரமூர்த்தி உள்ளே வந்து சொன்னார். செந்தூர்பாண்டிக்கு அண்ணன். தம்பி கூட்டுச் சேரக் கூப்பிட்டபோது ஒரேயடியாக மாட்டேன் என்றவர். "குளம் போனா போவுது. மகன் வந்து அப்பன் மொகத்தப் பாக்காண்டாமா?"

"பெறவு? பாக்கணும்லா," என்றாள் செந்தூர்பாண்டியின் அக்கா சீனித்தாய்.

கடை போயிற்று, நகை போயிற்று. இனி முருகேஸ்வரிக்கும் மகனுக்கும் என்று இருப்பது அறுவடைக்கு நெருங்கிவிட்ட அந்தக் குளம் ஒன்றுதான். அது தெரிந்தும், சாகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பெட்டி ஓட ஆரம்பித்தது. வெளியே ஏரேட்டர் நின்றுபோன அமைதியில் ஒப்பாரிக்கு வந்தவர்களுக்கே குரல் இறங்கிவிட்டது.

பக்கத்துப் பண்ணைக்காரன் பெனிஸ்டன் வாசலில் வந்து தயங்கினான். தன் குளத்தை ஜெனரேட்டரில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"அக்கா, வானம் மூட்டமா கெடக்கு. வெயில் இல்லாட்டா தண்ணில காத்து ஏறாது. எறா மேல வந்துட்டு."

"தம்பி, செத்த வீட்ல வந்து என்னத்தச் சொல்லுத?" என்றார் மந்திரமூர்த்தி.

முருகேஸ்வரி எழுந்தாள்.

"தலமாட்டுல இருக்கவ எந்திரிக்கப்படாதுளா," என்று சீனித்தாய் கையைப் பிடித்தாள்.

"இப்பம் வந்துருதேன் மதினி."

எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கரையில் போய் நின்றாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவள் குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை. ஓரம் பூராவும் இறால். மீசை தண்ணீருக்கு மேலே ஆட, கறுத்த கண்கள் தெரிய, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தன. நேற்றுப் பார்த்த அதே தவிப்பு, இதே இடத்தில். பின்னாலேயே வந்து நின்ற பெனிஸ்டனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெனிஸ்டன், ஐஸ் கெடைக்குமாப்பா?"

"ஐஸ் கம்பெனில இருக்கும். எதுக்குக்கா?"

"ஒரு வண்டி ஏத்திட்டு வா." திரும்பி வீட்டுக்கு நடந்தாள். "பெரியத்தான், ஒயர ஏரேட்டருக்கு மாத்துங்க."

"புத்தி கெட்டுட்டா ஒனக்கு? எந்தம்பிய மீன் மாதிரி ஐஸ்ல போடச் சொல்லுதியா?"

"அவுகளுக்கு இனிமே மூச்சு வேண்டாம்லா அத்தான். அதுகளுக்கு வேணும்."

மந்திரமூர்த்தி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு போய் வயரை மாற்றினார். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

ஐஸ் வந்தது. பெனிஸ்டன் உடைத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் காலித் தீவனச் சாக்குகளில் அள்ளிக் கட்டிப் பெட்டிக்குள் அவருடைய இரண்டு பக்கமும் அடுக்கினாள். சீனித்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். உதவிக்கு ஒரு பெண்ணும் எழுந்து வரவில்லை. விரல் மரத்துப்போயிற்று. சட்டைக் காலர் ஈரமாகாமல் சாக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். இதைக்கூடத் தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது முதல் தடவையாக அழுகை வந்தது.

"தட்டுல தீவனம் வச்சுருக்கேன்க்கா," என்று பெனிஸ்டன் போகும்போது சொன்னான். "சாய்ந்திரம் தூக்கிப் பாருங்க. தின்னுருந்தா பொழச்சிட்டுன்னு அர்த்தம்."

சிவப்பிரகாஷ் வந்தான். அப்பா முகத்தைப் பார்த்தான், நெற்றியைத் தொட்டான், கதறினான். ஐஸைப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தான்.

"ஒங்கம்மாட்ட கேளு," என்றார் அவர்.

அவன் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். தூக்கிக்கொண்டு ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் குழாயடியில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வேனில் ஏறினார்கள். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அன்றைக்கு அந்த வழக்கம் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.

கரண்ட் வந்திருந்தது. அவள் ஜெனரேட்டரை நிறுத்தினாள். ஈரத் தலையோடு கரைக்குப் போனாள். அவர் நடந்து நடந்து புல் முளைக்காத தடத்திலேயே நடந்து, கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தட்டு அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு மூன்று இறால்கள் அதிலிருந்து துள்ளித் தண்ணீரில் விழுந்தன.

தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, தின்னுட்டு."

அடுக்களை ஜன்னல் திறந்தே கிடந்தது. ஏதாவது ஒரு பாத்திரச் சத்தம் கேட்காதா என்று கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டைத் தண்ணீரில் இறக்கினாள்.