ஓடு இல்லாத பாசி

வெர்னாவுக்கு அவள் காதலன் கொண்டுவந்த பாசியில் ஒரு ஓடுகூட இல்லை. எனக்குச் சந்தேகம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். நானோ அவன் தலைமுடியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு வயதில் அத்தனை கறுப்பு யாருக்கு இருக்கும்?

செயின்ட் ஜான் நகரச் சந்தையில் என் சீஸ் கடைக்கும் வெர்னாவின் பாசிக் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். என் தாத்தா லெபனானிலிருந்து வந்து, இந்த மாகாணம் முழுக்க முதுகில் மூட்டையோடு ஊசி நூல் விற்றவர். பேரம் பேசாமல் சொன்ன விலைக்கு வாங்குகிறவனைக் கண்டால், இவனுக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது என்று யோசிக்கிற குடும்பம் எங்களுடையது.

வெர்னா விற்பது சிவந்த கடற்பாசி. கடல் உள்வாங்கி வற்றும்போது பக்கத்துத் தீவுக்காரர்கள் பாறையிலிருந்து பறித்து, வெயிலில் காயவைத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைக் கடலைபோல மென்றுகொண்டே நடப்போம். மிளகளவு நத்தை ஓடுகள் ஒட்டியிருக்கும், பல்லில் நறுக்கென்று கடிபடும். வெர்னா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நாள் முழுக்க ஓடு பொறுக்குவாள். அவளுடைய பாசிக்குப் பெயரே அதனால்தான்.

வெல்டன் நான்கு மாதமாகச் செவ்வாய்தோறும் ஒரு காகிதப் பையோடு வந்துகொண்டிருந்தான். தீவில் தானே பறித்ததாம். வெர்னா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவாள்.

"பாத்தியா ஜமீல்? ஒரு ஓடு இல்ல. என்ன பொறுப்பான மனுஷன்!"

கடைப் பெயர்ப்பலகையில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் ஒருநாள் ஏக்கமாகச் சொல்லியிருக்கிறான். இவள் உருகிப்போய், கடையில் பாதியை அவன் பெயருக்கு எழுதிவைக்க வக்கீலிடம் அடுத்த திங்கட்கிழமை நேரம் வாங்கிவிட்டாள். அவனுக்குச் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டுமாம். கல்யாணம் அடுத்த மாதம். பத்திரம் முந்தி, மோதிரம் பிந்தியா என்று கேட்டேன்.

"உனக்குப் பொறாமை" என்றாள்.

கொஞ்சம் இருந்தது. அதனால் என் சந்தேகம் பொய்யாகிவிடுமா?

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டேன்.

"பாசி எப்பய்யா பறிக்கிற?"

"வாராவாரம் சனிக்கிழமை. காலையில ஏழு மணிக்கு டாண்ணு இருப்பேன்."

சீஸில் இறங்கிய கத்தி பாதியிலேயே நின்றது. எங்கள் கடல் நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்குமேல் தள்ளித்தான் வற்றும். பாசிப் பாறை நன்றாக வெளியே வருவதே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள்தான். வாராவாரம் சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்து ஆஜராக, கடல் என்ன ஆபீஸ் குமாஸ்தாவா?

அவன் போனதும் தடுப்புக்கு மேல் தலையை நீட்டினேன்.

"காதுல விழுந்துதா?"

"விழுந்துது." வெர்னா ஓடு பொறுக்குவதை நிறுத்தவில்லை. "முதல் மாசமே இதத்தான் சொன்னான். வாய் தவறிச் சொல்றான்னு விட்டுட்டேன்."

"விட்டியா, முழுங்கினியா?"

கையிலிருந்த பாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "சனிக்கிழமை வண்டிய எடு."

இரண்டு கடைகளையும் என் தங்கையிடம் விட்டுவிட்டு, விடிவதற்கு முன்பே கிளம்பினோம். முதலில் மாங்டன். அங்கே சந்தையில் அவன் தங்கை டோரீன், மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரம் விற்கிறாள் என்று அவனே ஒருமுறை சொல்லியிருந்தான். தாத்தா சொல்லித்தந்த தந்திரம் ஒன்று உண்டு. ஒருவர் வாயைத் திறக்கவைக்க வேண்டுமானால் அவர் சரக்கைக் குறை சொல்ல வேண்டும். புளூபெர்ரி பையைத் தூக்கிப் பார்த்து, ஓரம் கருகியிருக்கிறதே என்றேன்.

"கண்ணு, அது கருகல் இல்ல, கலரு. வேணாம்னா வச்சிட்டுப் போ."

"சரி, குடும்மா. ஆமா, வெல்டன் உன் அண்ணனாமே? தீவுல பாசி பறிக்கிறாராமே?"

டோரீன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு, அவனா? சின்ன வயசுல தீவுக்குக் கப்பல் ஏத்தினோம். கரையில கட்டின கயித்த அவுக்கறதுக்கு முன்னாடியே வாந்தி எடுத்துட்டான்! குளிக்கிற தொட்டியவே எட்டி நின்னு பாக்கிற ஆளு. ஃப்ரெடரிக்டன்ல ஒரு ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தினான். இப்ப சனிக்கிழமையானா அந்த ஊர்ச் சந்தையே கதி. கதவு தொறக்கறப்போ முத ஆளா நிப்பானாம்."

வெர்னா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

"ஏழு மணிக்கு."

ஃப்ரெடரிக்டனுக்கு இரண்டு மணி நேரப் பயணம். புளூபெர்ரி பை அவள் மடியிலேயே இருந்தது. பாதி வழியில் சொன்னாள்: "அங்க வேற எவளோ இருக்கா."

"அவளும் கடை வச்சிருப்பா" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

வேறொருத்தி இருந்தாள். கடையும் வைத்திருந்தாள். எழுபது வயது ஹேசல். புதன்தோறும் வெர்னாவிடம் ஒரு மூட்டை பாசி வாங்கி, பை பையாகப் போட்டு விற்கிறவள்.

"அடியே வெர்னா! மூட்டைய நீயே சொமந்துட்டு வந்துட்டியா?"

மை தடவின மாதிரித் தலையோடு ஒருவன் வருவானா என்று நான் கேட்டேன்.

"ஓ, அந்த மகராசனா? கதவோடயே சேந்து உள்ள வருவாரு. ரெண்டு பை வாங்குவாரு. பேரமே கெடையாது. 'வெர்னா பொறுக்கினதுதானே?'ன்னு மட்டும் கேப்பாரு."

வெர்னா ஒரு பாசிப் பையைப் பிரித்தாள். ஒரு துண்டை வாயில் போட்டாள். ஓடு இல்லை.

எனக்குத் தலை சுற்றியது. அவள் விற்ற சரக்கை இரட்டை விலைக்கு வாங்கி அவளுக்கே கொடுத்திருக்கிறான்! இதைக் கேட்டிருந்தால் தாத்தா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அழுதிருப்பார்.

வெல்டன் அதே சந்தையில் சமோசாக் கடை வரிசையில் நின்றிருந்தான். வெர்னா நேராகப் போய் அவன் பின்னால் நின்றாள்.

"கடல் வத்திடுச்சா, வெல்டன்?"

திரும்பியவன் முகத்தில் ரத்தம் இல்லை. "வெர்னா... நீ எப்படி..."

"பாசி பறிக்கிற கை இதுதானா?"

"முத நாளு தீவுக்காரங்களப் பத்தி அவ்ளோ மரியாதையாப் பேசினே. அவங்களுக்கு நடுவுல, நான் முத்திரை குத்தினவன்னு எப்படிச் சொல்றது?"

நான் குறுக்கே புகுந்தேன். "அதுக்குப் பாதிக் கடையா?"

"என்ன பாதிக் கடை?" அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பலகையில பேருன்னுதானே சொன்னேன்? முப்பத்தோரு வருஷம் ஊரார் பேருக்குக் கீழ முத்திரை குத்தியிருக்கேன். என் பேர எங்கயும் யாரும் எழுதினதில்ல."

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்வாங்க" என்றேன்.

"நீ சும்மா இரு ஜமீல்." வெர்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை நகர்ந்தது, எங்களைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. கடைசியில் கையிலிருந்த பாசிப் பையை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"கல்யாணம் நடக்கும். வக்கீல் கிட்ட போகப்போறதில்ல, கடை என் பேர்லயே இருக்கும். பலகையில உன் பேரு என் பேருக்குக் கீழ வரும், சின்ன எழுத்துல. பொய் சொன்னதுக்கு அதான் தண்டனை. செவ்வாய்க்கிழமை வந்து ஓடு பொறுக்கு."

வெல்டன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எவ்ளோ சின்ன எழுத்து?"

"உன் எழுத்து ரெண்டு சேந்தா என் எழுத்து ஒண்ணு."

"கொஞ்சம் கூட்டிப் போடேன். முக்கா அளவு?"

அவன் வாயிலிருந்து முதல்முறையாகப் பேரம் வந்தது. அந்த நிமிடம் எனக்கு அவன்மேல் லேசாக ஒரு மதிப்பு ஏற்பட்டது. ரொம்ப இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தான். நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கிவிட்டு, மாலையில் ஒரு பையைத் தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டினான். "நானே பொறுக்கினது."

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். நறுக். மறுபடி நறுக். மூன்றாவது ஓட்டில் கடைவாய்ப் பல் ஆடிவிட்டது.

இந்த முறை அவன் சொன்னது உண்மைதான். தலைமுடி விஷயத்தை நான் இன்னும் விடவில்லை.