பிரின்ஸுக்கு எடுக்காத படம்

டிரங்குப் பெட்டியைத் தமயந்தி இரண்டாம் முறையும் தரையில் கவிழ்த்தாள். நாலு சேலை, ஒரு கம்பளிச் சட்டை, அந்துருண்டை, மருந்துச் சீட்டு. போட்டோ என்று சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

"அப்பா, ஒன்னுகூடவா இல்ல?"

இராமலிங்கம் வாசற்படியில் குந்தியிருந்தார். திரும்பவில்லை.

"இருந்தாத்தான தர்றதுக்கு."

அவருக்குப் பின்னால், அவர் காவல் பார்க்கும் பங்களாவின் பின்கட்டு அறைக்குள், பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி பாப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். உட்கார வைத்திருந்தார்கள். நெஞ்சோடு சேர்த்து ஒரு துண்டு, தாடையைச் சுற்றி ஒரு துணி, நெற்றியில் காசு. விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தூக்கிப் பார்த்தபோது உடம்பில் சூடு இருந்தது, ஆள் இல்லை. நாற்காலிக்கு அடியில் பிரின்ஸ் படுத்திருந்தது. பங்களா நாய். செம்பட்டை நிறம், பதின்மூன்று வயது, ஒரு கண்ணில் வெள்ளை விழுந்தாயிற்று. யார் விரட்டியும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் காவல் இருக்கும் மலைச்சாமிதான் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தார். குழிக்கு ஆள் சொல்லி, ஆயக்குடியில் இருந்த தமயந்திக்குப் போன் போட்டு, இப்போது சாவுப் போஸ்டருக்குப் படம் கேட்டு வந்து நின்றார்.

"ஜீப்பு டவுனுக்குப் போகுதுண்ணே. படத்தக் குடுத்தா வெரசா அடிச்சுட்டு வந்துருவான். மூணு மணிக்குள்ள தூக்கியாகணும்."

"பேர மட்டும் போட்டு அடி."

"பாப்பம்மான்னு இந்த மலையில நூறு பேரு இருக்காளுக. எவ செத்தான்னு நெனப்பாங்க? மொகம் வேணாமா?"



இராமலிங்கத்துக்குப் போட்டோ என்றாலே ஆகாது. முதல் படம் இலங்கையில் எடுத்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்து வாசலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒருத்தன் எடுத்தான். அந்தப் படம் ஒட்டிய பாஸ்போர்ட்டோடு அவரும், கட்டி ஆறு மாதமான பாப்பம்மாளும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அதே நாளில் அதே இடத்தில் நின்ற தம்பிக்கு மட்டும் தாள் வரவில்லை. கடைசிவரைக்கும் வரவில்லை. இரண்டாவது படம் மண்டபம் முகாமில். அதை எடுத்த மறுவாரம் லாரியில் ஏற்றி, தைலமரம் வெட்ட இந்தக் குளிரில் கொண்டுவந்து கொட்டினார்கள். பாஸ்போர்ட்டை, நிலம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பெருமாள்மலையில் ஒரு வெள்ளை வேட்டிக்காரன் வாங்கிக்கொண்டு போனான். ஆளையும் காணோம், பாஸ்போர்ட்டையும் காணோம்.

அதற்குப் பிறகு எவன் கேமராவைத் தூக்கினாலும், நம்மை எங்கேயோ அனுப்பத்தான் தூக்குகிறான் என்று அவருக்குத் தோன்றும். ஓட்டு அட்டைக்கும் பிறகு ஆதாருக்கும் படம் எடுக்க வந்த அன்றெல்லாம் பாப்பம்மாளை விறகுக்கு அனுப்பிவிட்டார். ரேஷன் கார்டுக்குத் தப்ப முடியவில்லை. அதில் அவர் முகம் மட்டும் இருந்தது, பிடிபட்ட களவாணி மாதிரி.

தமயந்தி வாசலுக்கு வந்தாள். கொய்யா மண்டியில் வேலையில் நின்ற சேலையோடு பஸ் ஏறி வந்தவள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அந்த நாய்ப் படம் எங்கப்பா?"

"எந்த நாய்ப் படம்?"

"பெங்களூருல இருந்து ஒராளு வந்து இந்த நாய போட்டோ எடுக்கப்போறாருன்னு அம்மா போன்ல சொல்லுச்சே. ஊதாச் சீலை கட்டிக்கிட்டு நானும் கூட உக்காரப்போறேன், ஒனக்கு ஒன்னு குடுத்து விடுறேன்னு சொல்லுச்சே. நான் கேலிகூடப் பண்ணுனேன், நாயி நல்லா இருக்குமா நீ நல்லா இருப்பியான்னு."

இராமலிங்கம் கீழே கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது அது. பங்களாக்காரம்மா சத்தியபிரியா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வந்த அன்றே படம் எடுக்கிற பேச்சைப் பாப்பம்மாளிடம் சொல்லியிருந்தாள். புல்தரையில் பாப்பம்மாள் நாய்க்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெங்களூர்ல ஒருத்தர் இருக்கார், இராமலிங்கம். நாய்ங்களை மட்டும்தான் போட்டோ எடுப்பார்."

"ஏன், மனுசன எடுக்கத் தெரியாதாம்மா அவனுக்கு?"

சத்தியபிரியா சிரித்தாள். "அதுக்குன்னே தனியாப் படிச்சிருக்கார். குடை, லைட் எல்லாம் கொண்டு வருவார். அரை நாள் ஆகும். கூப்பிடலாமா வேணாமான்னுதான் யோசிக்கிறேன். இதுக்கோ கண்ணு போச்சு, முடி கொட்டுது. என் போன்ல எடுத்ததே போதும்னு வீட்டுல சொல்றாங்க. நீங்கதான தினமும் இது கூட இருக்கீங்க, நீங்க சொல்லுங்க. இவ்வளவு மெனக்கெடலாமா?"

இராமலிங்கம் வாயைத் திறப்பதற்குள் பாப்பம்மாள் பேசிவிட்டாள். முதலாளி முன்னால் அவள் பேசுவதே அபூர்வம்.

"வரச் சொல்லுங்கம்மா. நீங்க போன்ல எடுத்ததெல்லாம் அது ஓடுறப்ப எடுத்தது, படுத்திருக்கப்ப எடுத்தது. நேரா உக்காந்து நம்மள பாக்குற மாதிரி ஒன்னு வேணும். போனதுக்கப்புறம் மொகம் மறந்துபோயிரும்மா. எங்காத்தா மொகம் எனக்கு மறந்துபோச்சு. எவ்ளோ நெனச்சாலும் சீலை வருது, மொகம் வரல."

"இது யார்கிட்டயும் உட்காராதே, பாப்பம்மா."

"நான் தாடையில கை குடுத்துப் புடிச்சுக்கிறேன். எத்தன நேரம்னாலும் உக்காரும்."

"கை தெரிஞ்சா கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்க, அது ஒண்ணும் பிரச்சனை இல்ல."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுதும்மா. அழிக்க வேணாம்னு சொல்லுங்க" என்று பாப்பம்மாள் சிரித்தாள். முன்பல் இரண்டு இல்லாத வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள்.

"அப்ப கடைசியா நீங்களும் இது பக்கத்துல ஒண்ணு உட்கார்ந்துக்குங்க. ரெண்டு பேருமே உட்காருங்க."

அங்கேதான் இராமலிங்கத்துக்குச் சுருக்கென்றது. நாய்க்கு எடுப்பானேன், நம்மையும் சேர்ப்பானேன்? நாய் செத்ததும் பங்களாவை விற்கப்போகிறார்கள். ஞாபகத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு மூட்டையைக் கட்டச் சொல்லப்போகிறார்கள். அவருக்குத் தெரியும். எத்தனை பேரைப் பார்த்தாயிற்று.

"வெட்டி வேலைம்மா" என்றார். "கெழட்டு நாய எடுத்து எந்தச் செவுத்துல மாட்டப்போறீங்க? அது என்ன பாத்து ரசிக்கவா போகுது? செத்தா சொல்லுங்க, நல்ல குழியா நான் தோண்டுறேன். வந்து போற சோலியெல்லாம் வேணாம்."

சத்தியபிரியாவின் முகம் சுண்டியது. அரை மனசாக இருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

பாப்பம்மாள் எழுந்து போனாள். சீப்பில் சிக்கிய முடியை உருட்டி அடுப்பில் போட்டாள். மறுநாள் கொடியில் ஊதாச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. முதல் நாளே நனைத்துவிட்டாள் போலிருக்கிறது. நனைத்ததை அலசித்தானே ஆகவேண்டும். காய்ந்ததும் மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதையெல்லாம் இராமலிங்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அவளுக்கு நெஞ்சுவலி இருந்ததும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வாங்கி வந்து பெட்டிக்குள் போட்டதும்தான் தெரியாமல் போயிற்று.

"கேக்குறேன்ல. படம் எங்கப்பா?"

"எடுக்கல. வேணாம்னு சொல்லிட்டேன்."

தமயந்தி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நாய வேணாம்னியா, அம்மாவ வேணாம்னியா?"

சுள்ளியில் ஒடிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. மலைச்சாமி தொண்டையைச் செருமிவிட்டு, பாடைக்கு மூங்கில் வந்ததா என்று பார்க்கிறவர் மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"ஏலே மலைச்சாமி."

"சொல்லுண்ணே."

"அந்த ஸ்டூடியோக்காரன வரச் சொல்லு."

மலைச்சாமி காதில் சரியாக விழாதவர் மாதிரி நின்றார். "பாலகுமாரையா? ஒன் வாயால சொல்றியா?"

"வரச் சொல்லுடா."

பெருமாள்மலை பாலகுமார் ஒரு மணி நேரத்தில் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினான். சாவு வீட்டுப் படம் அவனுக்குப் புதிதல்ல. செருப்பைக் கழற்றி, பாப்பம்மாள் இருந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். உள்ளே இருட்டு, நாற்காலியோடு வெளியே தூக்க வேண்டும் என்றான். தூக்கினார்கள். பிரின்ஸ் காலை இழுத்து இழுத்துப் பின்னாலேயே வந்து, அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. மலைச்சாமி கம்பை எடுத்தார்.

"விடு. கெடந்துட்டுப் போகுது" என்றார் இராமலிங்கம்.

தமயந்தி ஊதாச் சேலையைப் போர்த்தி மடிப்பை நீவிவிட்டாள்.

"தாடைக்கட்ட அவுக்கணும்க்கா. கட்டோட எடுத்தா போஸ்டருக்கு நல்லா இருக்காது" என்றான் பாலகுமார்.

அவிழ்த்ததும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வாய் திறந்துகொண்டது. இரண்டு பல் இல்லாத இடம் தெரிந்தது. தமயந்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"யாராச்சும் பின்னால நின்னு புடிங்க."

மலைச்சாமி வந்தார். அவரைத் தள்ளிவிட்டு இராமலிங்கம் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தாடையில் கை கொடுத்தார். நாற்பது வருடத்தில் அந்த முகத்தை இப்படி ஏந்திப் பிடித்ததில்லை. பிடித்து நிமிர்த்தினார். வாய் மூடிக்கொண்டது.

பாலகுமார் கேமராவைக் கண்ணில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"பெரியவரே, விரல் தெரியுது. சரி, இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல அழிச்சுரலாம்."

"அழிக்காத."

"இல்லங்க, மாலை போட்ட படத்துல கை இருந்தா பாக்குறவங்க..."

"அழிக்காதன்னேன்."

பாலகுமார் மலைச்சாமியைப் பார்த்தான். மலைச்சாமி தரையைப் பார்த்தார். அதற்குள் பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறிவிட்டது. முதலில் தைலமரங்கள் போயின, பிறகு வேலி, பிறகு டிவிஎஸ்.

"சே, வெளிச்சம் போச்சு. ஒன்னுமே விழாது" என்று பாலகுமாரின் குரல் கேட்டது. "கலையட்டும் பெரியவரே. அதுவரைக்கும் அசையாமப் புடிச்சுக்கங்க."

இராமலிங்கம் பிடித்துக்கொண்டு நின்றார். காலடியில் நாய் ஒருமுறை தும்மியது. கை கடுத்தது. மாற்றவில்லை. எதிரே யாரும் தெரியவில்லை. கேமரா இருந்த திசையைக் குத்துமதிப்பாக வைத்து, அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.