ஜன்னல்களைத் திறந்த காலை

என் அண்ணன் ஆரின் போன அக்டோபரில் காலமானார். சவப்பெட்டியில் அவர் கோட்டில் தொழிற்சங்கத்தின் வில்லையைக் குத்தியது நான்தான். அதை அணிந்தால் வேலை போய்விடும் என்றிருந்த காலத்தை இருவரும் பார்த்திருக்கிறோம்.

1937 பிப்ரவரி, மிச்சிகன். கார் தொழிற்சாலையில் நாங்கள் முந்நூறு பேர் வேலையை நிறுத்திவிட்டு, இயந்திரங்களுக்கு நடுவிலேயே முப்பத்தொரு நாளாக உட்கார்ந்திருந்தோம். வெளியே போனால் எங்கள் இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவான். நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக் கையெழுத்துப் போடும்வரை நகர்வதில்லை என்று முடிவு.

அன்று காலை நிர்வாகம் கட்டடத்தின் வெப்பத்தை நிறுத்தியது. பத்து மணிக்குள் வாளித் தண்ணீரில் பனி ஏடு கட்டியது. ஆட்கள் வாசல் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள பாதிப் பேர் கிளம்பிடுவாங்க, அண்ணே," என்றேன்.

ஆரின் போய் ஒரு ஜன்னலைத் திறந்தார். பிறகு அடுத்ததை.

"டேய் கிறுக்கா! தெற்கே கென்டக்கியிலேர்ந்து வந்தவனுக்குக் குளிர்னா என்னன்னே தெரியாதுடா!" என்று கத்தினான் வெல்டர் காசிமிர்.

"வாய மூடிட்டு வந்து நாலு ஜன்னலைத் திற."

"எதுக்கு?"

அண்ணன் கூரையைக் காட்டினார். தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்கள். ஆறு வருடமாக அவற்றைப் பராமரித்தவர் அவர்தான்.

"அது உறைஞ்சா வெடிக்கும். தீயணைக்கத் தண்ணி இல்லாத கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. நாம விறைச்சு செத்தா அவங்களுக்கு ஒண்ணுமில்ல. இத்தனை மெஷினும் எரிஞ்சா?"

காசிமிர் கூரைக் குழாய்களை அண்ணாந்து பார்த்தான். பிறகு ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜன்னலும் மூடியிருக்கவில்லை. உள்ளே பனி தூறியது. கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, கைகோத்துக் குதித்தோம். எதிர்க் கட்டடத்தின் மாடியிலிருந்து மேலாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொலைபேசிக்கு ஓடுவது தெரிந்தது.

மதியத்துக்குச் சற்று முன் சுவரோரத்து வெப்பக் குழாய்கள் முனகின. காசிமிர் உள்ளங்கையை ஒரு குழாயில் வைத்தான்.

"சுடுதுடா!"

எழுந்த கூச்சலில் கூரை அதிர்ந்தது.

"சரி சரி, ஜன்னலைச் சாத்துங்கடா. சளி பிடிக்கும்," என்றார் அண்ணன்.

அதன்பின் ஒருவரும் வெளியேறவில்லை. ஒன்பதாம் நாள் நிர்வாகத்தார் கையெழுத்துப் போட்டார்கள். தாடியோடு, கொடியோடு, பெரிய வாசல் வழியாகவே வெளியே வந்தோம்.

வேலைக்குத் திரும்பிய முதல் திங்கள், ஃபோர்மேன் வழக்கம்போல, கார்களை நகர்த்தும் வரிசையின் வேகத்தைக் கூட்ட வந்து விசைக்குக் கை நீட்டினார்.

"சங்கத்துகிட்ட கேட்டீங்களா, சார்?" என்றார் ஆரின், பக்கத்தில் பழுதுபார்த்துக்கொண்டிருந்த குழாயின் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஃபோர்மேன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.