ஆமை ஓட்டும் பஸ்

உருளை இஸ்திரி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. ரேடியோ என்கிற பையன் பேசுவது மட்டும் விழும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். ஈரப் போர்வையின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை இஸ்திரியக்கா பிடிப்பாள். ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் இழுத்து, விளிம்பைச் சூடான உருளைக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் துணி கோணிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கிவிடும். அன்று காலையிலிருந்து சிக்கிக்கொண்டே இருந்தது.

"அக்கா, உடம்பு மட்டும்தான் வேலைக்கு வந்திருக்கு. ஆள் எங்க?"

"வீட்ல."

"வீட்ல என்ன?"

"ஆமை பஸ் வரல தம்பி."

ரேடியோ இயந்திரத்தை நிறுத்திவிட்டான். அவனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அந்த பஸ்ஸைத் தெரியும்.

இஸ்திரியக்காவின் மகள் பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது. தாயைவிட உயரம். ஆனால் பேச்சு என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். மனசு மூன்று வயதோடு நின்றுவிட்டது. அவளுக்கு என்ன என்று டாக்டர் சொன்ன வருடமே அப்பன்காரன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். பகலில் பார்த்துக்கொள்ள அரசாங்கத்தின் பராமரிப்பு மையம் ஒன்று இருந்தது. பதினெட்டு முடிந்த அன்று, இனி சேர்த்துக்கொள்ள விதி இல்லை என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "வளர்ந்தவங்களுக்கு வேற மையம் வரப்போகுதுங்க" என்றார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அப்போது கைகொடுத்தது டிவியில் வந்த அந்த ஆமைதான்.

அது சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மைப் படம். ஓர் ஆமை பஸ் ஓட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு விலங்கு ஏறும். "ஏறியாச்சா? உக்காந்தாச்சா? போலாமா?" என்று ஆமை திரும்பிப் பார்த்துக் கேட்கும். தான் "போலாம்!" என்று சொன்னால்தான் பஸ் நகரும் என்று பாப்பா உறுதியாக நம்பினாள். வெள்ளாடு டப்பாவைத் திறக்கிற கதை வரும்போது தானும் டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். கரடி கடைசி சீட்டில் தூங்கும்போது தானும் படுத்துக்கொள்வாள். காக்கா "கடைசி ஸ்டாப்பு!" என்று கத்தினால் எழுந்து வந்து கதவோரம் உட்கார்ந்துவிடுவாள். அம்மா வரும் நேரம் அது. கதைகளை அந்த வரிசையில் அடுக்கி வைத்தவள் இஸ்திரியக்கா. வாடகைக்கா, வாங்கவா என்று டிவி கேட்டபோது, வருஷக் கடைசியில் வந்த போனஸை அப்படியே போட்டு, 'வாங்கு' என்ற பொத்தானை அமுக்கினாள். வாங்கிவிட்டால் நிம்மதி என்று நினைத்தாள், பாவம்.

இன்று காலை ஆமை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் இருந்தது. 'இந்த நிகழ்ச்சி தற்போது உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று எழுதியிருந்தது. பாப்பா ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பொத்தானே உள்ளே போய்விட்டது. பிறகு டிவியின் முதுகுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில், மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் போனை வைத்து, ரேடியோவும் இஸ்திரியக்காவும் கம்பெனிக்குப் பேசினார்கள். பாட்டு ஓடி, விளம்பரம் ஓடி, இந்த எண்ணை அமுக்கு அந்த எண்ணை அமுக்கு என்று ஓடி, ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது.

"அந்த நிகழ்ச்சியோட உரிமை எங்ககிட்ட முடிஞ்சிருச்சும்மா. அதான் எடுத்துட்டாங்க."

"நான் வாங்கினதும்மா அது. வாடகைக்கு எடுக்கல."

"நீங்க வாங்கினது பாக்குறதுக்கான அனுமதிதாம்மா. விதிமுறையில போட்டிருக்கு. நீங்க 'சம்மதம்'னு குடுத்திருக்கீங்க."

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, கடையில சட்டி வாங்குறோம். சமைக்கத்தான் அனுமதி, சட்டி எங்களுதுன்னு அடுப்புல இருக்கும்போதே தூக்கிட்டுப் போவீங்களா?"

"சார், உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்."

"புரிஞ்சா போடுங்க."

"எம் பொண்ணு இதைப் பாத்துதாம்மா சாப்பிடுவா" என்றாள் இஸ்திரியக்கா. "வேற யாரும் வீட்ல இல்லம்மா. நான் வேலைக்கு வரணும்."

அந்தக் குரல் தணிந்து வந்தது. "அம்மா, நான் பேசுறதெல்லாம் பதிவாகுது. என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க." அதன் பிறகு, சேவை எப்படி இருந்தது என்று மதிப்பெண் போடச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி வந்தது.

சாயங்காலம் அவள் தெருமுனை செல்போன் கடைக்குப் போனாள். முன்பெல்லாம் எந்தப் படம் கேட்டாலும் ஏற்றிக் கொடுக்கிற கடை அது. கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த அரசு அறிவிப்பைக் காட்டினார். "புதுச் சட்டம்மா. காப்பி பண்ணிக் குடுத்தா கடைக்கு சீல். எதிர்க்கடைய அப்படித்தான் மூடினாங்க. உங்க பொண்ணை எனக்குத் தெரியாதா? ஆனா என் பொழப்பையும் பாக்கணுமில்ல." அவர் சொல்வதும் நியாயம்தான். அவளுக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டாள். அதற்கு மறுநாள் முடியவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் அவ்வப்போது எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தாள். நண்பகலில் போன் வந்தது.

"ஏம்மா, பதறாதே. பாப்பா இப்ப என்கூடத்தான் இருக்கா." பதறாதே என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மாவே பதறினாள். "மிஷின்ல ஒரு தையல் போட்டு நிமிர்றதுக்குள்ள இறங்கிப் போயிருக்காம்மா. பெரிய ரோட்டைத் தாண்டிட்டா. லாரிக்காரன் புண்ணியவான், பிரேக் போட்டுட்டான்."

பாப்பா பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள், வீட்டு உடுப்போடு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் முன்னால் போய் டிரைவர் முகத்தை எட்டிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்ப வந்து நின்றிருக்கிறாள். அதைக் கேட்டதும் இஸ்திரியக்கா போர்வைக் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் அம்மா கெட்டவள் இல்லை. அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் அடுத்த நாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். "இந்த மாசம் ஏற்கெனவே லீவு அதிகம். இன்னொரு தடவை ஆச்சுன்னா ஆளை மாத்தச் சொல்லிடுவாங்க. நானும் மேல பதில் சொல்லணும்ல? கதவுக்கு வெளியில ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டு வாயேன்."

"அவ என்ன ஆடா மாடா, அடைச்சு வெக்க?" என்றாள் இஸ்திரியக்கா. யாரிடமும் குரல் உயர்த்தாதவள். அவள் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வழி சொன்னது ரேடியோதான். "ஆமை என்ன பேசும், ஆடு என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். சமையக்கட்டுல நின்னு கேட்டுக் கேட்டு மண்டையில ஏறிப்போச்சு."

"அப்புறம் என்ன? நாமளே பஸ் விடுவோம்."

துணிக்கிடங்கில் போனில் படம் எடுத்தார்கள். சுற்றிலும் துணி அடுக்கியிருந்ததால் இயந்திரச் சத்தம் உள்ளே வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போடும் பச்சைத் தொப்பி ஆமை ஓடாயிற்று. பழைய எஃகுத் தட்டு பஸ். கிழிந்த தலையணை உறையில் காது முடிந்து வெள்ளாடு செய்தார்கள். ரேடியோ காக்காவுக்கும் கரடிக்கும் குரல் கொடுத்தான். கரடி குறட்டை விடும் இடத்தில் வேண்டிய அளவுக்கு மேலேயே விட்டான். ஆமைக்கு இஸ்திரியக்கா. தொடக்கப் பாட்டை அவள் பாடியபோது, கதவோரம் நின்று வேடிக்கை பார்த்த பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷமாகக் கூட வேலை செய்கிறார்கள், அவளுக்குப் பாட வரும் என்று ஒருத்திக்கும் தெரியாது. வெள்ளாடு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் பஞ்சு மூக்கில் ஏறி ரேடியோ கூரை அதிரத் தும்மினான். ஆமை அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. திரும்ப எடுக்க நேரமில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரேடியோ அதை இணையத்தில் ஏற்றினான். அப்போதுதான் டிவியில் வரும், ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓடும். போனில் இடமே இல்லை என்று, ஏற்றிய கையோடு உள்ளே இருந்ததை அழித்தும் விட்டான். "அங்க இருந்தா பத்திரம்க்கா. போன் தொலைஞ்சாலும் அது தொலையாது."

பாப்பா முதலில் நம்பவில்லை. டிவி பக்கத்தில் போய்ப் பச்சைத் தொப்பியை விரலால் தொட்டுப் பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "ஏறியாச்சா? உக்காந்தாச்சா? போலாமா?" என்றது ஆமை.

"போலாம்" என்றாள் பாப்பா, மெல்ல.

தும்மல் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தத் தும்மலுக்காகவே காத்திருக்கத் தொடங்கினாள். வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு தயாராக இருப்பாள் என்று தையல்காரம்மா சொன்னாள். சாயங்காலம் அம்மா வந்தபோது டப்பா காலியாக இருந்தது. பாப்பா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சலவைக்கூடத்தில் போர்வைகள் சிக்காமல் ஓடின. ரேடியோவை எல்லோரும் கரடி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இஸ்திரியக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் டிவியில் மறுபடியும் சாம்பல் கட்டம். 'உரிமையாளரின் கோரிக்கையின் பேரில் இந்தக் காட்சி நீக்கப்பட்டது.'

ரேடியோவின் போனுக்கு நீளமாக ஒரு கடிதம் வந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வாசித்துப் பொருள் சொன்னான். பாட்டின் மெட்டும் பாத்திரங்களும் வசனமும் அந்தப் படத்தைத் தயாரித்த கம்பெனிக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் பயன்படுத்தியது குற்றம். இன்னொரு முறை செய்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

"அது என் குரல்தானே தம்பி?"

"குரல் உங்களுதுதான். பாட்டு அவங்களுது."

"அவங்கதான் அதைப் போட மாட்டேங்குறாங்களே?"

"விக்கவும் மாட்டாங்களாம், நம்மளப் பாடவும் விட மாட்டாங்களாம்." அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "நான்தான்க்கா மடையன். ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கணும். அவன் வீட்ல வெச்சா பத்திரம்னு நினைச்சேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அன்றே மறுபடியும் எடுத்தார்கள். இந்த முறை இணையத்தின் பக்கமே போகவில்லை. பென் டிரைவில் போட்டு நேராக டிவியில் செருகினார்கள். பச்சைத் தொப்பியும் அதேதான், தட்டும் அதேதான். பாப்பா "போலாம்" என்று சத்தமாகச் சொன்னாள். வெள்ளாடு டப்பாவைத் திறந்தது. பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ தும்மினான். எப்படித் தும்மினாலும் அது வேண்டுமென்றே தும்மிய தும்மல். ஆமையும் சிரித்துப் பார்த்தது.

பாப்பா மூக்கிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து போய் டிவியை அணைத்தாள். டப்பாவைத் தள்ளினாள். அம்மா அவள் எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் கையில் மாட்டிக்கொண்டு, நேரிலேயே பாடிப் பார்த்தாள். பாப்பா அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். கோபமில்லை, இது இல்லை என்று சொல்கிற மாதிரி, மெதுவாகத்தான் பொத்தினாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ யாரிடமோ துளைபோடும் இயந்திரத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தான். கதவைத் திறந்து வைத்து, பென்சிலால் குறி போட நின்றவன், குறி போடாமல் நின்றான்.

"அக்கா... எந்தப் பக்கம்?"

அவனுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கேட்டான்.

"வெளிய" என்றாள் அவள். பிறகு அவனுக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னாள், "பூட்டு இல்ல தம்பி. வெறும் தாழ்ப்பாள்தான். ஏதாவது ஒண்ணுன்னா கீழ்வீட்டம்மா ஏறி வந்து திறந்துடுவாங்க."

"சரிக்கா."

"ரோட்டுல போய் நிக்கிறதுக்கு இதாவது..."

"சரிக்கா. நான் ஒண்ணும் சொல்லலையே."

இயந்திரம் உறுமியதும் பாப்பா ஓடி வந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. மரத்தூள் உதிர்ந்ததைக் கையில் ஏந்தி ஊதினாள். திருகாணிகளை அவள் உள்ளங்கையில் கொட்டி, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுக்கும்படி ரேடியோ சைகை காட்டினான். பெரிய பொறுப்புக் கிடைத்த மாதிரி அவள் நிமிர்ந்து நின்று, ஒன்று கூடக் கீழே போடாமல் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரியக்கா அடுப்படிப் பக்கம் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து ரேடியோ தள்ளி நின்றான். பாப்பா வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளை விரலால் தள்ளினாள். சரக் என்று போய் விழுந்தது. இழுத்து, மறுபடியும் தள்ளினாள். அந்தச் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டே, அம்மாவும் வந்து பார்க்க வேண்டுமென்று கைதட்டிக் கூப்பிட்டாள்.