ஐந்து மணிக்குத் திறக்கும் டப்பா

ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு, மேசைமேல் சாய்ந்து அவர் ஏதோ எழுதினார். சீட்டை நாலாக மடித்து பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டார். பிறகு இன்னொரு ஷூவைத் தேடினார். அது மேசைக்கடியில் கிடந்தது. குனிந்து எடுத்து நிமிர வழக்கத்தைவிட நேரமானது.

"முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றேன்.

"முப்பது வருஷமா இதே மூஞ்சிதான். இப்பதான் கவனிக்கிறியா?"

"விளையாடாதீங்க. என்ன எழுதிப் போட்டீங்க?"

"அஞ்சு மணிக்கு."

அதற்குமேல் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம் அது.

சட்டம் வந்ததே என்னால்தான். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் வீட்டிலிருந்தே ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துபவள். உட்கார்ந்த இடத்தில் பயத்தை வளர்ப்பதற்குத் தோதான வேலை. ஒரு நாளைக்கு நாலு முறையாவது அவருக்கு போன் செய்வேன். ஒருமுறை அவர் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது என் அழைப்பு வந்தது. திடுக்கிட்டுக் கால் இடறி, கம்பியைப் பிடித்துத் தப்பினார். அன்று மாலை என்னைத் திட்டவில்லை. காலி பிஸ்கட் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார்.

"கவலை வந்தா எனக்கு போன் போடாத. சீட்டுல எழுதி இதுல போடு. அஞ்சு மணிக்கு டீ குடிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் பிரிச்சுப் படிக்கலாம். அதுவரைக்கும் டப்பா கவலைப்படட்டும்."

முதலில் சிரித்தேன். ஆனால் பலித்தது. மாலைக்குள் பாதிக் கவலைகள் தானாகவே காலாவதியாகியிருக்கும். மீதியைப் படித்துக் கிழித்துப் போடுவோம். எனக்குத் துணையாக அவரும் எழுதுவார். 'தலையில் மிச்சமிருந்த ஒரே முடியைக் காலையிலிருந்து காணவில்லை.' மூன்று வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்று அவர் போன பிறகு நானும் ஒரு சீட்டு போட்டேன். 'முகம் சரியில்லை.' போட்டால் பாரம் இறங்கிவிடும். அன்று இறங்கவில்லை.

பத்து மணிக்கு ஒரே பக்கத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன். பதினொரு மணிக்குத் தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. போனைக் கையில் எடுத்தேன். இப்போது எங்கே நிற்கிறாரோ? கை லிஃப்ட் சக்கரத்துக்கு நடுவில் இருந்தால்? அழைக்காவிட்டாலும் பயம், அழைத்தால் அதைவிடப் பயம். வைத்துவிட்டேன்.

மதியம் தங்கையிடம் சொன்னேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா. சாயங்காலம் அத்தான் வந்து உன்னை நல்லா ஓட்டப் போறாரு. போய் மொட்டை மாடியில கொஞ்சம் நட."

நடந்தேன். கீழே தெருவில் பையோடு போன ஆட்களெல்லாம் அவரைப் போலவே இருந்தார்கள்.

இறங்கிவந்து, டப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதுகு கூசியது. மூன்று மணிக்கு மூடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன். மூன்று இருபதுக்குத் திறந்தேன்.

மேலே என் சீட்டு. கீழே அவருடையது. முடி, வழுக்கை, ஏதாவது கோமாளித்தனமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன்.

'விடியற்காலையிலிருந்து நெஞ்சில் பாரம். இடது கையும் வலிக்கிறது. இப்போது சொன்னால் பயந்துவிடுவாள். ஐந்து மணிக்குச் சொல்லிவிட்டு இருவருமாக டாக்டரிடம் போகலாம்.'

இரண்டு முறை தவறி வேறு யாருக்கோ போன் போட்டேன். மூன்றாம் முறை மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தவர் அவருடைய கூட்டாளி. நாங்கள் கிரீஸ் அண்ணன் என்போம்.

"அவர்கிட்ட குடுங்கண்ணா."

"தூங்குறாரும்மா. சாப்பிட்டதும் மெஷின் ரூம் படியில சாஞ்சாரு. அசதியா இருக்குன்னாரு, சரின்னு விட்டுட்டேன். உன் பேரைப் பார்த்துதான் நான் எடுத்தேன். மூணு வருஷமா இந்த நேரத்துல நீ கூப்பிட்டதே இல்லையே."

"எழுப்புங்க."

"எழுப்பினா கடிப்பாரும்மா."

"எழுப்புங்கண்ணா."

அண்ணன் அவரைக் கூப்பிடுவது கேட்டது. பேர் சொல்லி ஒரு தடவை, மெதுவாக. இன்னொரு தடவை, சத்தமாக. பிறகு போன் கீழே வைக்கப்பட்ட ஓசை. யாரோ படிகளில் தடதடவென்று ஓடினார்கள்.

காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவமனையில் டாக்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றும் சொன்னார். டாக்டர் முதலில் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன்.

கவலையைத் தள்ளிப்போடலாம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வலி ஒரு கவலையே அல்ல, அது தகவல். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டோம். பிழை பார்ப்பதே பிழைப்பாக இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து, அவர் கடைசியாக வேலை பார்த்த கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் வாசலில் கொஞ்சம் தயங்கினேன். ஏறினேன். கதவு மூடியது. பொத்தான்களுக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பழுது ஏற்பட்டால் பயப்பட வேண்டாம், இந்த எண்ணை அழைக்கவும்.

அவருடைய எண்.