பேத்தை தின்ற நாய்

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திருக்கழுக்குன்றத்துப் பக்கத்திலிருந்து சடையப்பன், தை அறுப்பு முடிந்ததும் நெல் மூட்டைகளோடு புதுப்பட்டினம் குப்பத்துக்கு வண்டி கட்டுவார். நெல்லைக் கொடுத்துக் கருவாடு வாங்கிப் போவது வழக்கம். வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, அவருடைய நாய் நடந்து வரும். அதற்குப் பேர் கிடையாது. "சனியனே" என்றால் வரும். பெண்டாட்டி போன பிறகு அவர் வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு ஜீவன் அதுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை வலையில் விழுந்த பேத்தை மீன்களைக் குப்பத்தார் மணலில் வீசியிருந்தார்கள். பிடித்தால் பந்துபோல் உப்புகிற விஷ மீன். குப்பத்து நாய்கள் அதை மோந்துகூடப் பார்க்காது. சடையப்பனின் நாயோ வயல் நண்டு தின்று வளர்ந்தது. ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு வாயையும் நக்கிக்கொண்டது.

கருவாட்டைக் கட்டி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தது. பின்னங்கால் மடங்கியது. பிறகு மொத்தமாகச் சாய்ந்துவிட்டது.

சடையப்பன் பதறாதவர்போல் காட்டிக்கொண்டார். ஊரில் எண்ட்ரின் பூச்சிமருந்து குடித்த இரண்டு பேருக்குச் சோப்புத் தண்ணீர் புகட்டிய அனுபவஸ்தர். ஒருவன் பிழைத்தான். மற்றவனைப் பற்றி அவர் பேசுவதில்லை. சோப்புத் தண்ணீர்ச் சொம்போடு வந்து நாயின் வாயைப் பிளந்தார்.

கருவாட்டுக்காரி குப்பம்மா சொம்பைப் பிடுங்கினாள். "ஊத்தாதே அண்ணாத்த! தொண்ட மரத்துப் பூட்ச்சி. பொரையேறி மூச்சு நின்னுடும். ஒருக்களிச்சுப் போட்டுட்டு சும்மா குந்து."

சடையப்பன் நாயின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்; மூச்சு தட்டுப்படவில்லை. "அதான் செத்துப் போச்சே. நாய்தானே, வேற குட்டி கெடைக்கும். மம்மட்டி இருந்தா குடு."

"பேத்தை தின்னவங்கள நாங்க ஒடனே பொதைக்கறதில்ல. எங்க மாமனாரு பாடையில வெச்சப்புறம் எழுந்து குந்திகினு கஞ்சி கேட்டாரு. கை காலுதான் வராதாம், காது நல்லா கேக்குமாம். யார் யாரு இன்னா பேசுனாங்கன்னு ஒண்ணு வுடாம சொன்னாரு. ரெண்டு வருசம் வூட்ல ஒரே பேஜாரு."

சடையப்பன் நாயைப் பார்த்தார். அதன் கண் திறந்தே இருந்தது. 'வேற குட்டி' என்று தாம் சொன்னது அதன் தலைமாட்டில் நின்றுதான் என்பது அவருக்கு உறைத்தது.

"பேரு சொல்லிக் கூப்டு. தெம்பா இருக்கும்" என்றாள் குப்பம்மா.

கூப்பிடப் பேர் இல்லை. வெட்கமாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் போனதும், "ராசா" என்றார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கூச்சம் விட்டுப்போயிற்று. மத்தியானம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டே, வேறு குட்டி வாங்கும் உத்தேசம் தமக்கு இல்லை என்பதை ராசாவுக்குப் பலமுறை விளக்கினார்.

பொழுது சாயும்போது காது அசைந்தது. பிறகு தலை நிமிர்ந்தது. நாய் தள்ளாடி எழுந்து கடலைப் பார்த்து நின்றது.

"ராசா!"

அது திரும்பவில்லை.

"ராசா, வாடா!"

"காது பூட்ச்சோ?" என்றாள் குப்பம்மா.

சடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சனியனே" என்றார்.

வால் ஆடியது. விழுந்து எழுந்து அவரிடமே வந்து சேர்ந்தது. இத்தனை வருஷமும் அதைத்தான் செல்லப் பேர் என்று நினைத்திருக்கிறது. சடையப்பன் அதைத் தூக்கி வண்டியில் தம் இடத்தில் படுக்கவைத்துவிட்டு, மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்வரைக்கும் நடந்தே போனார்.